73 வருடம் தாமதமாக வந்த பதக்கம்

எங்கள் குடியிருப்பில் வருடத்துக்கு இரண்டு முறை கொடியேற்றுவார்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15. புனேவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இல்லாத குடியிருப்பைப் பார்ப்பது கடினம். எங்கள் கட்டடத்திலேயே மூன்று பேர். அதில் ஒருவர் நம் ஊர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு ஹவில்தார் மாமா.

கடந்த முறை கொடியேற்றியபோது அண்ணாச்சி பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். என் பையன் ஒன்றைக் காட்டி, "இது எதுக்கு மாமா?" என்றான்.

"அடிபட்டதுக்குக் குடுத்தது."

"அடிபட்டா மெடல் குடுப்பாங்களா? நான் சைக்கிள்ல இருந்து விழுந்தப்ப யாரும் குடுக்கலையே!"

எல்லோரும் சிரித்தோம். மிட்டாய் கொடுத்து, கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி வீட்டில் டீ குடிக்கும்போது அதே பேச்சு திரும்பி வந்தது. தொண்ணூறுகளில் காஷ்மீரில் அவர் காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்ன ஒரு விஷயம் மட்டும் புதிது.

"அடிபட்டது பெரிசில்ல தம்பி. அன்னைக்கு ராத்திரியே எங்க டாக்டர் எழுதி வச்சாரு பாருங்க, அதுதான் பெரிசு. எந்த எடம், என்ன நேரம், எதிரி குண்டுதான்னு எல்லாத்தையும் எழுதினாரு. அது மட்டும் இல்லன்னா, நான் வண்டியில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டேன்னு ஆயிருக்கும்."

நம் நாட்டில் இந்தப் பதக்கத்துக்குப் பராக்கிரம் பதக் என்று பெயர். ஆங்கிலத்தில் 'வூண்ட் மெடல்', காயப் பதக்கம். எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம் பட்டவர்களுக்குத் தருவது. அண்ணாச்சிக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. இதே மாதிரி காலில் சில்லு பாய்ந்த ஒருவர். அவருக்கு எழுதி வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. விளைவு, பதக்கம் வர 73 வருடம் ஆனது. அவர் கதையையும், அந்தப் பதக்கத்தின் கதையையும்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அமெரிக்காவில் காயம்பட்ட சிப்பாய்க்குத் தரும் பதக்கத்தின் பெயர் 'பர்ப்பிள் ஹார்ட்', அதாவது ஊதா இதயம். ஹாலிவுட் படங்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஊதா நிற இதயம், நடுவில் ஜார்ஜ் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம்.

வாஷிங்டன் ஏன் அங்கே இருக்கிறார் என்பதற்கு 1782-க்குப் போக வேண்டும். சுதந்திரப் போர் முடியும் தறுவாய். நியூயார்க் மாநிலத்தில் நியூபர்க் என்ற ஊரில் அவருடைய தலைமையகம். அந்த வருடம் ஆகஸ்ட் 7-ம் தேதி ஓர் உத்தரவு போட்டார். சிறப்பாகப் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்கள் இடது மார்பில் ஊதாத் துணியாலோ பட்டாலோ செய்த இதய வடிவச் சின்னத்தைத் தைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் பதக்கம் என்றால் அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும்தான். கீழ்நிலைச் சிப்பாய்க்கு என்று தனியாக ஒரு மரியாதை என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சின்னம் காயத்துக்கானது இல்லை. திறமைக்கும் விசுவாசத்துக்கும் கொடுத்தது. பெற்றவர்கள் என்று வரலாற்றில் உறுதியாகத் தெரிபவர்கள் மூன்றே சார்ஜெண்டுகள்: எலைஜா சர்ச்சில், வில்லியம் பிரவுன், டேனியல் பிஸ்ஸல். பெற்றவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்றும் வாஷிங்டன் உத்தரவிட்டிருந்தார். அந்தப் புத்தகம் தொலைந்துபோய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு யாராவது அந்தத் துணி இதயத்தைத் தைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தால், அதை நிரூபிக்க இன்றைக்கு வழியில்லை. இந்தப் பதக்கத்தின் கதை ஒரு தொலைந்த ரெஜிஸ்டரோடுதான் தொடங்குகிறது.

போர் முடிந்ததும் அந்தச் சின்னத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1932 பிப்ரவரி 22-ல், வாஷிங்டனின் 200-வது பிறந்தநாளன்று அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். முன்னின்று செய்தவர் அப்போதைய தரைப்படைத் தலைவர் டக்ளஸ் மெக்கார்தர். முதல் எண் போட்ட பதக்கம் அவருக்கே போனது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. 1932-ல் அமெரிக்கா எந்தப் போரிலும் இல்லை. பிறகு யார் வாங்கியிருப்பார்கள்? முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர்கள். 1918-ல் பட்ட காயத்துக்கு 1932-ல் மனுப் போட்டார்கள். அந்த வருடம் மே 28-ம் தேதி நியூபர்க்குக்குப் பக்கத்தில் வாஷிங்டனின் படைகள் முகாமிட்டிருந்த டெம்பிள் ஹில் என்ற இடத்தில், 137 பழைய வீரர்களுக்கு ஒரே நாளில் கொடுத்தார்கள். ஆக, தாமதமாக மனுப் போட்டுக் கேட்பது இந்தப் பதக்கத்துக்குப் புதிதில்லை. முதலில் வாங்கியவர்களே 14 வருடம் கழித்து மனுப் போட்டவர்கள்தான்.

காயத்தை அடையாளம் காட்ட மற்ற நாடுகளும் அதற்கு முன்பே ஏதாவது செய்திருந்தன. பிரிட்டிஷ் ராணுவம் 1916-ல் இடது கைச் சட்டையில் ஒரு சிறிய செங்குத்துக் கோடு குத்திக்கொள்ள அனுமதித்தது. ஜெர்மனி 1918 மார்ச்சில் ஒரு வில்லையைக் கொண்டுவந்தது. ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, அதற்கு மேல் பொன்னிறம். லட்சக்கணக்கில் ஆட்கள் அடிபட்ட போர் அது. வீட்டுக்கு வரும் மனிதன் நொண்டிக்கொண்டு வந்தால், ஏன் நொண்டுகிறான் என்று ஊர் பார்த்தவுடன் தெரிய வேண்டும் அல்லவா?

*

இரண்டாம் உலகப் போரில் விதிகள் மாறின. தரைப்படைக்கு மட்டும் இருந்த பதக்கத்தை 1942 டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடற்படை, மரைன், கடலோரக் காவல் படைகளுக்கும் விரிவாக்கினார். அதே 1942-ல் பணித்திறமைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு வேறு விருது வந்துவிட்டது. அதன்பின் ஊதா இதயம் என்றால் எதிரியால் பட்ட காயம் அல்லது சாவு, அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மற்ற வீரப் பதக்கங்களுக்கு மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும். "இவன் இன்னது செய்தான், இவனுக்குக் கொடுக்கலாம்" என்று ஒருவர் எழுத வேண்டும். பர்ப்பிள் ஹார்ட்டுக்குச் சிபாரிசே தேவையில்லை. தகுதி இருந்தால் அது உரிமை. வீரமாகச் சண்டை போட்டாயா, பயந்து பதுங்கியிருந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எதிரியின் குண்டு உன்மேல் பட்டதா, ராணுவ மருத்துவர் வைத்தியம் பார்க்கும் அளவுக்கு இருந்ததா, அது ஏட்டில் பதிவாகியிருக்கிறதா, இவைதான் கேள்விகள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு உடம்பு பதில் சொல்லும். மூன்றாவதற்குக் காகிதம்தான் பதில் சொல்ல வேண்டும்.

*

இப்போது அந்த வழக்குக்கு வருகிறேன். அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பீட்டர் என்ற சிறிய ஊர். அங்கே வாழ்ந்த ஒருவர் கொரியப் போரில் சண்டை போட்டவர். அமெரிக்கப் பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டதுதான், நமக்குப் பெயர் முக்கியமில்லை என்பதால் பெரியவர் என்றே சொல்கிறேன்.

கொரியப் போர் 1950 ஜூன் 25-ல் ஆரம்பித்து 1953 ஜூலை 27 வரை நடந்தது. மூன்று வருடத்தில் அமெரிக்கர்கள் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் காயம்பட்டார்கள். 1951 ஜூனில் இந்தப் பெரியவரின் பிரிவு இருந்த இடத்தில் மார்ட்டர் குண்டுகள் விழுந்தன. ஒரு சில்லு அவர் தொடையில் பாய்ந்தது. அந்தப் பரபரப்பில் தனக்கு அடிபட்டதே முதலில் தெரியவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். களத்தில் கூடவே வரும் மருத்துவ உதவியாளர், 'மெடிக்' என்பார்கள், அவர் கட்டுப் போட்டுவிட்டார். பெரியவர் மறுபடி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காகிதம் எங்கே? அந்த மெடிக் அதை எழுதி அனுப்புவதற்கு முன்பே சண்டையில் இறந்திருக்கலாம் என்பதுதான் பெரியவர் தரப்பில் சொன்னது. நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கட்டுப் போட்ட கை சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஓய்ந்துபோகிறது. அந்தக் கையோடு சாட்சியும் போய்விட்டது.

கொரியாவின் களத்தில் கட்டுப் போட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் போருக்கு இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை, ஒரு மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியச் சிப்பாய்களில் ஒருவர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படை முன்சான் பகுதியில் குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய சிறு குழுவும் கூடவே குதித்துக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

இவர்களைப் போன்ற களமருத்துவர்களின் வேலையைப் பற்றிப் படிக்கும்போது ரத்தத்தை நிறுத்துவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது இதெல்லாம்தான் கண்ணில் படும். அடிபட்டவனின் சட்டையில் ஓர் அட்டையைக் கட்டி, என்ன காயம், என்ன மருந்து கொடுத்தோம் என்று எழுதுவதும் அதே வேலையின் பகுதி. அடுத்த ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்காக எழுதுவது அது. ஐம்பது வருடம் கழித்து அந்த அட்டைதான் ஒரு மனிதனின் ஒரே சாட்சியாக இருக்கப் போகிறது என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

*

மினசோட்டாப் பெரியவர் ஊருக்குத் திரும்பினார், குடும்பம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார். சில்லு தொடையிலேயே இருந்தது. நரம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். வலியும் இருந்தது. பதக்கம் கேட்க வேண்டும் என்று அவருக்குப் பல வருடம் தோன்றவே இல்லை. மகள்கள் வற்புறுத்தித்தான் கடைசிக் காலத்தில் மனுப் போட்டார்.

இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. தாமதமாகக் கேட்பவர்களின் கதைகளைப் படித்தால் ஒரே மாதிரி இருக்கும். இருபது வயதில் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருக்கும். பக்கத்தில் இருந்தவன் செத்துப்போயிருக்க, எனக்குக் காலில் கீறல் பட்டது என்று பதக்கம் கேட்க வெட்கமாக இருக்கும். பிறகு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. எண்பது வயதில் பேரன் மடியில் உட்கார்ந்து, "தாத்தா, உங்களுக்கு ஏன் மெடல் இல்லை?" என்று கேட்பான். அப்போதுதான் யோசிப்பார்கள். அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய நண்பர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ராணுவம் அவர் மனுவை நிராகரித்தது. போதிய ஆவணம் இல்லை என்பது காரணம். தொடையில் சில்லு இருப்பதை யாரும் மறுக்கவில்லை. போரில் பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனை டாக்டர்களே கருதினார்கள். ஆனாலும் ஏட்டில் இல்லை.

அவர் விடவில்லை. 2023 செப்டம்பரில், 96 வயதில், ராணுவத்தின் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மினசோட்டா செனட்டர் ஏமி குளோபுஷார் அவருக்காகப் பேசினார். 2024-ல் ராணுவம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த வருடமே சொந்த ஊரில் விழா வைத்துப் பதக்கத்தைக் குத்தினார்கள். 1951-லிருந்து 2024, கணக்குப் போட்டால் 73 வருடம்.

*

ராணுவத்தைத் திட்டிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

பதக்கத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வதைக் குற்றமாக்கி 2006-ல் சட்டமே போட்டார்கள். வெறும் பொய் சொல்வதும் பேச்சுச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆதாயம் பெறுவதற்காகப் பொய் சொன்னால் குற்றம் என்று 2013-ல் திருத்திக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் பர்ப்பிள் ஹார்ட்டும் இருக்கிறது. வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்தால், உண்மையில் அடிபட்டவனின் பதக்கத்துக்கு மதிப்பிருக்காது. அதனால்தான் காகிதம் கேட்கிறார்கள்.

சரி, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்களா?

1973 ஜூலை 12, நள்ளிரவு. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தினரின் பணிக்கோப்புகளை வைத்திருந்த ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் தீ பிடித்தது. நாட்கணக்கில் புகைந்தது. 160 லட்சத்திலிருந்து 180 லட்சம் கோப்புகள்வரை போயின. 1912 நவம்பரிலிருந்து 1960 தொடக்கம்வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம். இரண்டு உலகப் போர்கள், கொரியப் போர் எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அந்தக் கோப்பு அறைகளில் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்புகூட இல்லை. தீ எப்படிப் பிடித்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

தப்பித்தவையும் தண்ணீரில் ஊறிப்போயிருந்தன. அவற்றை உலர்த்துவதற்கு, விண்வெளிக் கலங்களைச் சோதிக்கும் காற்றில்லாத பெரிய அறையைப் பயன்படுத்தினார்கள். ஓரம் கருகிய கோப்புகளைத் தனியாக வைத்து இன்றைக்கும் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்க்கிறார்கள். கோப்பே இல்லாதவர்களுக்குச் சம்பளப் பட்டியல், பிரிவுகளின் தினசரி வருகை அறிக்கை, ஆஸ்பத்திரி அனுமதிப் பட்டியல் என்று வேறு அலுவலகங்களில் இருக்கும் துண்டு துணுக்குகளைச் சேர்த்து மறுபடி ஒரு கோப்பை உருவாக்குகிறார்கள். பொறுமையான வேலை, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இதைப் படித்த பிறகு, "உங்களிடம் ஆவணம் இருக்கிறதா?" என்று ஒரு கிழவரைக் கேட்பது எப்படி இருக்கிறது என்று யோசியுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. பதக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. 1945-ல் ஜப்பான்மேல் தரைவழிப் படையெடுப்பு நடந்தால் ஆகும் சேதத்தை எதிர்பார்த்து பர்ப்பிள் ஹார்ட்களைச் செய்து குவித்திருந்தார்கள். படையெடுப்பு நடக்காமலே போர் முடிந்தது. சுமார் 5 லட்சம் மிஞ்சியது. கொரியா, வியட்நாம் என்று பிறகு வந்த போர்களிலெல்லாம் அந்த இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டி பெட்டியாகப் பதக்கம் கிடங்கில் இருந்தது. இல்லாதது ஒரு தாள் மட்டும்தான்.

*

தாள் தொலைவது ஒரு வகை. தாள் எழுதப்படாமலே போவது இன்னொரு வகை.

2021 ஜூனில் நியூயார்க்கில் 99 வயதுக் கறுப்பினப் பெரியவர் ஒருவருக்கு இதே பதக்கம் கிடைத்தது. அவர் அடிபட்டது 1944-ல், நார்மண்டியில். அவருக்கு 77 வருடத் தாமதம். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பிரிவுகள். காயத்தைப் பதிவதிலும் அந்த வேறுபாடு இருந்தது என்பது அவர் விஷயத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது.

மூன்றாவது வகை, எழுதினாலும் அது காயம் இல்லை என்று சொல்லிவிடுவது. கொரியக் குளிரில் கால்விரல்களை இழந்தவர்கள் உண்டு. பனிக்கடிக்கு இந்தப் பதக்கம் கிடையாது என்கிறது விதி. போரின் அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கும் கிடையாது என்று 2009-ல் பெண்டகன் முடிவு செய்தது. 2020 ஜனவரியில் ஈராக்கில் அல் அசாத் தளத்தின்மேல் இரான் ஏவுகணைகளை வீசியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வெடி அதிர்ச்சியால் மூளைக் காயம் என்று தெரிந்தது. முதலில் 29 பேருக்குத்தான் பதக்கம். செய்தி வெளியாகிக் கேள்வி எழுந்த பிறகு 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு அனுமதித்தார்கள். ரத்தம் வராத காயத்தை எழுதிக்கொள்ள எந்தக் காலத்திலும் பேனா தயங்கியிருக்கிறது.

டெம்பிள் ஹில் பக்கத்தில் 2006-ல் பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்களுக்காக ஒரு நினைவகம் திறந்தார்கள். மொத்தம் 18 லட்சம் பேர் வாங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. கணிப்புதான். ஏனென்றால் முழுப் பட்டியல் என்று ஒன்று அரசாங்கத்திடமே இல்லை. குடும்பத்தினர் தாங்களாக விவரம் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். வாஷிங்டனின் தொலைந்த புத்தகம் இன்னும் திரும்பி எழுதி முடிக்கப்படவில்லை.

*

96 வயதில் ஒரு மனிதருக்கு அந்தப் பதக்கம் எதற்கு? அதோடு பெரிய பணம் எதுவும் வருவதில்லை. வைத்தியச் சலுகைகள் சில உண்டு, அந்த வயதில் அது பெரிதா? எனக்குத் தோன்றுவது இதுதான். எழுபது வருடம் வலித்த காலைப் பற்றி, "ஆமாம், நீ சொல்வது நிஜம்" என்று தன்னை அனுப்பிய நாடு ஒருமுறை சொல்ல வேண்டும். சிபாரிசு தேவையில்லாத உரிமை என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் அதை மறுப்பது ஒரு பரிசை மறுப்பது மாதிரி இல்லை, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது மாதிரி.

நம் விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் பிழைக்கும் நமக்குக் காகிதத்தின் அருமை தெரியும். இனிஷியலை எங்கே போடுவது, 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரா ஊர்ப் பெயரா என்று எத்தனை கவுண்டரில் நின்றிருக்கிறோம். பட்டாளத்திலும் இதே கதைதான். தமிழ்ப் பெயரை வேற்று மொழிக்காரர் காதில் விழுந்தபடி எழுதுவார். அண்ணாச்சியின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பெயரில் ஒரு எழுத்து வேறு, ஆதாரில் வேறு. மனைவி பெயரையும் பிள்ளைகள் பிறந்த தேதியையும் ராணுவ ஏட்டில் ஏற்றும் 'பார்ட் டூ ஆர்டர்' சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தோம். நல்லவேளை, சரியாக இருந்தது. நாளைக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கு அதுதான் ஆதாரம்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பட்டாளத்தில் இருந்த பெரியவர் இருந்தால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவரோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். சர்வீஸ் நம்பர், ரெஜிமெண்ட், எந்தெந்த வருடம் எங்கே இருந்தார், எங்கே அடிபட்டார், யார் கூட இருந்தார்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் வையுங்கள். கூட இருந்த நண்பர் உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பதக்கம் கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம். கேட்கலாம் என்று தோன்றும் நாளில் தாள் இருக்க வேண்டும்.

மினசோட்டாப் பெரியவரின் கதையை அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டாக்டர் எங்க இருக்காருன்னே தெரியல தம்பி. மலையாளத்துக்காரர், சின்னப் பையன். எனக்குக் கட்டுப் போட்டுக்கிட்டே எழுதினாரு. நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல" என்றார்.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று இப்போது நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.